பாடியவர் பெயர் என்ன?

ஆண்டின் கடைசி வாரத்தில், அவ்வாண்டு தம் நெஞ்சில் தங்கிய பாடல்களையும் இசைத்தொகுப்புகளையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது இசை ரசிகர்களின் பழக்கம். விலைவாசியும் வேலையின்மையும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் பேச வேண்டிய நமது ஏட்டில் இதற்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால், நெல்லும் நூலும் எப்படி உழைப்பின் விளைபொருளோ, பாட்டும் அப்படியே. தொண்டையும் விரலும் நுரையீரலும் உழைக்காமல் பாட்டு பிறப்பதில்லை. நெல்லை விளைவித்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும் நாம், பாட்டை விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. 2024ஆம் ஆண்டு அந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாததாக ஆக்கிவிட்டது. ஆகவே, இது ஒரு ரசிகனின் பட்டியல் மட்டுமல்ல. ஒரு கணக்குக் கேட்பும் ஆகும்.

கடலடியில் வந்த பாட்டு

நான் வாழ்வது லாங் ஐலண்டில். மத்திய அந்தமானில், ரங்கத் பக்கத்திலிருந்து படகேறி வந்துசேர வேண்டிய சிறிய தீவு. காட்டு மரத்தை நம்பி எழுந்த ஊர் இது. என் தந்தையார் இங்கிருந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையில் கூலி. அம்மா வனத்துறை நாற்றங்காலில் தினக்கூலி மஸ்தூர். ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, 2002 மே மாதம் உச்சநீதிமன்றம் இத்தீவுகளில் வணிக நோக்கிலான மரவெட்டுக்குக் கடிவாளம் போட்டது. காடு காப்பாற்றப்பட வேண்டியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ரம்பத்தின் ஓசை அடங்கியபோது ரம்பம் பிடித்தவன் வீட்டு அடுப்பு என்னவாயிற்று என்று கேட்க நம்மைப் போன்றவர்களைத் தவிர ஆளில்லை. பல குடும்பங்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கப்பலேறின.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பாட்டு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, இரவில் கரகரத்துக்கொண்டே ஒலிக்கும் இலங்கை வானொலி. மற்றொன்று, சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் பயணம் செய்து வருபவரின் கைப்பெட்டியில் இருக்கும் ஒலிநாடா. ஒரு நாடா வந்தால் அது ஊர் முழுவதும் சுற்றிவிட்டுத்தான் உரியவரிடம் திரும்பும். அதன் அட்டையைப் பாடப் புத்தகம் போல் படிப்போம். பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் தந்தையாருக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான். அவர் எழுத்துக்கூட்டி வாசித்த பெயர்களில் பாதி பாடகர்களின் பெயர்கள்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் திறந்துவைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய்ச் செலவு. அது கரையேறிய தீவுகளில் எங்களுடையதும் ஒன்று. இன்று சென்னையில் காலையில் வெளியாகும் பாட்டு, மாலைக்குள் எங்கள் படகுத்துறையில் ஒருவர் கைப்பேசியில் ஒலிக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் கடலடியில் போடப்பட்ட அந்த இழையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். மருத்துவருக்குத் தகவல் சொல்லவும் பிள்ளைகள் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் அது உதவுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நாடாவின் அட்டையில் இருந்த பெயர்கள் கைப்பேசித் திரையில் சுருங்கிவிட்டன. திரையை நிறைப்பது கதாநாயகனின் படம். பாடியவர் பெயர் ஓர் ஓரத்தில் ஓடி மறைகிறது. பறை அடித்தவர், நாயனம் ஊதியவர், கூட்டுக்குரல் கொடுத்தவர் பெயர்கள் பெரும்பாலும் இல்லவே இல்லை. அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிடித்த பாட்டையும் அதற்குப் பின்னால் இருப்பவர்களையும் எழுதிவைக்கத் தொடங்கினேன். கீழே வருபவை அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

நோட்டில் ஏறியவை

முதலாவது, பா.இரஞ்சித்தின் 'தங்கலான்' படத்தில் வரும் 'மினிக்கி மினிக்கி'. ஜி.வி.பிரகாஷ்குமார் இசை, உமாதேவி வரிகள், சிந்தூரி விஷால் குரல். வட ஆர்க்காட்டு நிலமற்ற உழவர்கள் கோலார் மண்ணைத் தோண்டிப் பொன்னெடுக்கப் போகும் கதை. முதன்முதலாக ரவிக்கை கிடைத்த பெண்களின் களிப்பில் எழுகிறது இந்தப் பாட்டு. சேலை மறைக்காத தோளைத் துணி மூடுவது ஒரு சமூகத்திற்கு எத்தனை பெரிய வரலாற்று நிகழ்வு என்பதைத் தோள்சீலைப் போராட்டத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். அதைச் சொற்பொழிவாகச் சொல்லாமல் ஆட்டமாகச் சொன்னதுதான் இந்தப் பாட்டின் பலம். கப்பலேறிக் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் எங்கள் ஊரில், இவ்வாண்டு திருமண வீடுகளில் அதிகம் ஒலித்தது இதுவே.

இரண்டாவது, மாரி செல்வராஜின் 'வாழை' படத்துக்கு சந்தோஷ் நாராயணன் அமைத்த இசைத்தொகுப்பு முழுவதும். தனித்தனிப் பாட்டாகப் பிரித்துக் கேட்கக் கூடாத தொகுப்பு இது. வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கழுத்து வலி, கூலி உயர்வு கேட்டு நிற்கும் இளைஞர்களின் பிடிவாதம், தாருக்கு மேல் ஆட்களை ஏற்றிச் செல்லும் லாரி ஆகியவற்றின் ஊடாக அதைக் கேட்க வேண்டும். கூலி உயர்த்திக் கொடுத்த முதலாளி, தனி வண்டிக்குக் காசு கொடுக்க மறுத்ததால் நேர்ந்த சாவுகளுக்கு இறுதியில் எழும் ஒப்பாரி எந்தப் பொருளாதார நூலையும் விடத் தெளிவாகக் கணக்குச் சொல்கிறது. என் அம்மா படம் பார்த்திருந்தால் அந்த ஒப்பாரியில் தானும் சேர்ந்திருப்பார்.

மூன்றாவது, வெற்றிமாறனின் 'விடுதலை' இரண்டாம் பாகத்தில் இளையராஜாவும் அனன்யா பட்டும் பாடிய 'தினம் தினமும்'. டிசம்பர் 20 அன்று வெளியான அந்தப் படம் காட்டும் அரசியல் பாதை குறித்து நமக்குள் விவாதம் உண்டு. அதைத் தனியாக நடத்தலாம். செங்கொடியின் கீழ் அரசியல் கற்கும் ஓர் ஆசிரியரின் வாழ்வுக்கு இளையராஜா இசையமைத்திருக்கிறார் என்பதே என்னை நிறுத்தியது. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடிய பாட்டுகள் கட்சியின் வெற்றிக்கு எவ்வளவு துணைநின்றன என்பதை மூத்த தோழர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த மேடைகளில் பின்னாளில் ஆர்மோனியத்துடன் அமர்ந்த தம்பிதான், 2022இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர். அதே ஆண்டு அம்பேத்கரோடு இன்றைய பிரதமரை ஒப்பிட்டு எழுதி நம்மை வருந்தச் செய்தவர். கலைஞன் போன பாதை வேறு. ஆனால் அவன் இசையில் படிந்த பண்ணைப்புரத்து மண்ணை அவனாலும் உதறிவிட முடியாது. 'தினம் தினமும்' மென்மையான காதல் பாட்டு. அந்த மென்மைக்கு அடியில் எனக்குப் பாவலரின் மேடை கேட்கிறது.

நான்காவது புதிய பாட்டே அல்ல. 1989இல் வந்த 'பொன்மனச் செல்வன்' படத்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்', செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' படத்தின் வழியாக மீண்டும் ஊரெங்கும் ஒலித்தது. உள்ளூர்க் கிரிக்கெட் அணியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதைச் சாதி தீர்மானிப்பதைச் சிரித்துக்கொண்டே உடைத்த படம் அது. பழைய பாட்டைக் கேட்டு எங்கள் தீவில் 50 வயதுக்காரர்களும் 15 வயதுக்காரர்களும் ஒரே வரியை ஒன்றாகப் பாடினார்கள்.

ஐந்தாவது, 'சக்தி' குழுவின் 'திஸ் மொமென்ட்' இசைத்தொகுப்பு. பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. ஜான் மெக்லாஃப்லின், சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிராவில் செல்வகணேஷ், தபலாவில் ஜாகிர் உசேன். டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்த செய்தி வந்த இரவில் அதை மீண்டும் கேட்டேன். மதம் பார்த்து மனிதரைப் பிரிக்கும் அரசியலுக்கு அந்தப் பத்து விரல்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சொன்ன பதில் அதில் இருக்கிறது.

ஆறாவது ஒரு பாட்டு அல்ல, ஒரு நிகழ்வு. சென்னை மியூசிக் அகாடமி 2024க்கான சங்கீத கலாநிதி விருதை டி.எம்.கிருஷ்ணாவுக்கு அறிவித்தது. உடனே, அவர் பெரியாரைப் போற்றுகிறார் என்று சொல்லிச் சில கர்நாடக இசைக் கலைஞர்கள் டிசம்பர் விழாவிலிருந்து விலகினார்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமி பெயரிலான பரிசு தொடர்பான வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், டிசம்பர் 16இல் இடைக்கால உத்தரவு வந்தது. ஆனாலும் கிருஷ்ணா அகாடமி மேடையில் பாடினார். நான் அவரை மதிப்பது குரலுக்காக மட்டுமல்ல. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி வார் இழுக்கும் தலித் குடும்பங்களைத் தேடிப்போய், 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதியவர் அவர். மேடையில் ஒலிக்கும் நாதத்துக்குப் பின்னால் மாட்டுத்தோலும் அதைத் தொட்ட கைகளும் இருக்கின்றன என்று சபாவுக்குச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

இறந்தவர் குரல் யாருக்குச் சொந்தம்?

இனி, என்னைத் தூங்கவிடாத இரண்டு பாட்டுகள்.

ஜனவரியில், 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான் அமைத்த 'திமிரி எழுடா' வெளிவந்தது. அதில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்கள் ஒலித்தன. பம்பா பாக்யா 2022இல் மறைந்தவர். 'ராசாத்தி என் உசுரு' பாடிய சாகுல் ஹமீது 1990களிலேயே மறைந்தவர். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குரல்கள் மீண்டும் உருவாக்கப்பட்டன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாக ரகுமான் அறிவித்தார்.

அதே ஜனவரி 25 அன்று, 'பாரதி' படத்தில் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாடித் தேசிய விருது பெற்ற பவதாரிணி மறைந்தார். ஜூன் மாதம், அவருடைய சகோதரர் யுவன் சங்கர் ராஜாவின் இசையில், விஜய் படத்துக்காக அவர் குரல் 'சின்னச் சின்னக் கண்கள்' என்ற பாட்டைப் பாடியது. அக்காள் தம்பி பாசத்தில் செய்ததைக் குறை சொல்ல நான் யார்? அந்தப் பாட்டைக் கேட்டு நானும் கலங்கினேன்.

ஆனால், ஸ்ரீ விஜயபுரம் என்று மத்திய அரசு இவ்வாண்டு பெயர் மாற்றிவிட்ட போர்ட் பிளேரில் படிக்கும் என் அக்காள் மகன் விடுமுறைக்கு வந்தபோது விஷயம் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு நாடா உண்டு. நாற்றங்காலில் படாக் கன்று நடும்போது அம்மா பாடிய பாட்டுகளை எப்போதோ பதிவு செய்தது. கடற்காற்றில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. "மாமா, இதைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தால் பாட்டி குரலிலேயே புதுப் பாட்டு பாட வைக்கலாம்" என்றான். நான் வேண்டாம் என்றேன். அக்காள் சொன்னாள்: "அம்மா பாடாத பாட்டை அவள் குரலில் கேட்டால் அழுகைதான் வரும். ஆனாலும் கேக்கணும்போல இருக்குடா."

அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தினக்கூலியாக வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருத்தியை, இறந்த பிறகும் கேட்காமலேயே வேலை வாங்குவதா என்பதுதான் என் மனத்தில் இருந்தது. மகளின் ஏக்கத்துக்காகச் செய்வது ஒன்று. நாளை ஒரு நிறுவனம் ஆயிரம் தாய்மார்களின் குரலை எடுத்து விளம்பரத்துக்குப் பாட வைத்தால் அது வேறொன்று. தொழில்நுட்பம் ஒன்றுதான். ஒன்றில் பாசம், மற்றதில் லாபம். இரண்டுக்கும் நடுவே வேலி போடச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தை யார் கேட்பது?

ஒரு பாடகி ஒருமுறை பாடியதை வைத்து இயந்திரம் அவர் குரலை எத்தனை முறையும் பாட வைக்கலாம் என்றால், அடுத்த பாட்டுக்கு அவரை அழைக்க வேண்டிய தேவையில்லை. உழைப்பாளியிடமிருந்து உழைப்புத் திறனையே பிரித்தெடுத்துப் பெட்டியில் பூட்டிக்கொள்வது முதலாளித்துவத்தின் பழைய கனவு. தறிக்காரன் கைவேகத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது நடந்ததே இப்போது தொண்டைக்கு நடக்கிறது. அதற்காகத் தறியை உடைப்பது தீர்வல்ல என்பதை வரலாறு கற்றுத் தந்திருக்கிறது. ஒப்புதல், ஊதியம், பெயர் ஆகிய மூன்றும் இல்லாமல் எவர் குரலையும், உயிரோடிருப்பவர் ஆனாலும் இறந்தவர் ஆனாலும், பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் ஆக்கச் சொல்வதே தீர்வு.

கூலி எங்கே?

உயிரோடிருப்பவர்களுக்காவது ஒழுங்காகக் கூலி கிடைக்கிறதா? 2021 மார்ச்சில் வெளிவந்து உலகமெங்கும் ஒலித்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை எடுத்துக்கொள்வோம். தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களில் எவருக்கும் ஒரு ரூபாய்கூட வந்துசேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் இவ்வாண்டு மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்பதைக் கணக்கேடுகள் சொல்லட்டும். ஆனால் பெயரும் புகழும் பெற்றவர்களுக்கே கணக்குக் காட்டப்படவில்லை என்றால், அரை நாள் ஒலிப்பதிவுக்கு வந்து பறையடித்துவிட்டுப் போனவருக்கு என்ன காட்டப்படும்?

2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகை உண்டு என்றது. பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் உரிமை உண்டு என்றது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை நடைமுறைக்கு இழுத்துவரச் சங்கம் வேண்டும். நமக்கு அதற்கும் முன்னோடி உண்டு. கம்யூனிஸ்டும் இசையமைப்பாளருமான எம்.பி.சீனிவாசன், சென்னையில் திரை இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கிய நிமாய் கோஷும் அவரும் சேர்ந்துதான் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு அடித்தளமிட்டார்கள். வாசித்து முடித்ததும் கையில் காசு வேண்டும் என்று கேட்பதே அன்று கலகமாக இருந்தது. சேர்ந்திசையைத் தமிழகத்தின் இளைஞர்களிடம் கொண்டுசென்ற அவர், 1988 மார்ச்சில் உயிர் துறந்ததும் ஒரு தீவுக்கூட்டத்தில்தான், லட்சத்தீவில். தீவுக்காரனாகிய எனக்கு அது ஏனோ நெருக்கமான செய்தி. இயந்திரம் குரலைத் திருடும் காலத்துக்கு ஏற்ற சங்கத்தை இன்று கட்ட வேண்டியவர்கள் அவருடைய வாரிசுகளான நாம்தான்.

பட்டியலில் ஏறாத பாட்டு

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில், எந்தச் செயலியிலும் கிடைக்காத பாட்டுகள் சில இருக்கின்றன. 1918 முதல் காடு வெட்ட வெள்ளையர்கள் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவந்த பழங்குடித் தொழிலாளர்களை இங்கே இன்றும் 'ராஞ்சிக்காரர்கள்' என்றே அழைக்கிறோம். அவர்கள் வீட்டு விழாவில் மாந்தர் மேளம் கட்டிச் சாத்ரி மொழியில் வட்டமாக ஆடிப் பாடுவார்கள். அவர்களுக்கு இன்னும் இத்தீவுகளில் பழங்குடி என்ற தகுதி கிடையாது. பக்கத்து வீட்டு வங்காளி மூதாட்டி, எல்லை தாண்டி வந்த கதையை முணுமுணுப்பாகப் பாடுவார். சாஸ்திரி – சிறிமாவோ உடன்பாட்டால் இலங்கையிலிருந்து பெயர்க்கப்பட்டு, ரப்பர்த் தோட்டத்துக்காகக் கச்சால் தீவில் குடியேற்றப்பட்ட நம் மக்களில் பலரை 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டது. அந்த ஆழிப்பேரலைக்கு இந்த வாரத்தோடு இருபது ஆண்டு ஆகிறது. அங்கிருந்து பிழைத்து வந்த ஒரு பெண் பாடிய ஒப்பாரியை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். இவ்வாண்டில் வெளியான எந்தப் பாட்டும் அதற்கு ஈடில்லை. அதைப் பதிவு செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. அனுமதி கேட்கவும் வாய் வரவில்லை.

தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். கிளைக் கூட்டங்களிலும் கலை இரவுகளிலும் பாட்டு பாடப்படும்போது பாடியவர் பெயரையும் மேளம் அடித்தவர் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு வழிச்செலவாவது கொடுத்தோமா என்று கணக்குப் பாருங்கள். நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். உங்கள் ஊரில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த மூதாட்டிகளிடம், அவர்கள் இருக்கும்போதே அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். குரலின் மீதான உரிமைக்கான சட்டத்தை நம் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள்.

அம்மாவின் நாடாவை அக்காள் மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பூஞ்சையைத் துடைத்து, உள்ளதை உள்ளபடி நகலெடுத்து வர மட்டும் சொல்லியிருக்கிறேன். அக்காளுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அடுத்த மாதம் அது வந்துசேர்ந்தால், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். நோட்டில் 2025இன் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும். பாட்டின் பெயர் தெரியாது. இசை எவரும் அமைக்கவில்லை. பாடியவர் பெயருக்கு நேராக அம்மாவின் பெயரை எழுதுவேன்.